குடியாட்சி தேயும் விதம்

குடியாட்சி நடைபெறும் நாடொன்று, படையெடுப்போ புரட்சியோ இன்றி, தன் சட்டத்தினாலேயே தன்னைக் கட்டிக்கொண்டு எதேச்சாதிகாரத்தின் கீழ்ச் சென்றுவிடக் கூடுமா என்பது இந்நாளில் அறிஞர் பலரும் ஆராய்ந்து வரும் வினாவாகும். விடை காண முற்படுவோர் பெரும்பாலும் ஜெர்மனியின் கதையையே எடுத்துரைப்பர். நாமும் பின்னர் அதற்கு வருவோம். ஆனால் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் நம்மவர், இவ்வினாவிற்கு விடை தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் வாசி ஒருவரின் வீட்டு வாசற்கால்வாய் அடைத்துக்கொண்டால் அவர் யாரிடம் முறையிடுகிறார்? மாநகராண்மைக்கு மனு எழுதுகிறார். அல்லது கட்சிக்காரர் ஒருவரைப் பிடிக்கிறார். "உமக்கு ஓட்டுப் போட்டவன் நான்" என்று உரிமையோடு கேட்பதற்கு அம்மாநகராண்மையில் அவருக்கு ஆள் இல்லை. ஒரு காலத்தில் இருந்தார். அவர் எவ்வாறு இல்லாமற்போனார் என்பதே நாம் சொல்லப் புகுந்த கதை.

1952-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூர் முனிசிபாலிட்டிக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தது. நாடு அப்பொழுது வெள்ளையர் ஆட்சியில் இருந்தது. காட்டில் கம்யூனிஸ்டுகளுடன் போர் மூண்டிருந்தது. 1948 ஜூனில் பிரகடனமான அவசரகாலம் முழு வேகத்தில் அமலில் இருந்தது. அவ்வவசரகால விதிகளின்படியே தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அத்தகைய காலத்திலுங்கூட ஓட்டுப்பெட்டி வைக்கப்பட்டது என்பதை வாசகர் மனத்தில் இருத்துக. 12 இடங்களுள் 9-ஐ அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் சேர்ந்த கூட்டு வென்றது. டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்கு 2 இடங்களே கிடைத்தன. அக்கூட்டே பின்னர் மலாயா இந்தியர் காங்கிரசையும் சேர்த்துக்கொண்டு 1957-ல் நாட்டின் சுதந்திரத்தைப் பெற்றது. ஆகவே, அறுபது ஆண்டு நாட்டையாண்ட கட்சிக்கூட்டணி ஒரு முனிசிபல் தேர்தலில் பிறந்த பிள்ளை என்றால் மிகையாகாது. பினாங்கு ஜார்ஜ்டவுன் இவ்விஷயத்தில் கோலாலம்பூருக்கும் மூத்தது. அங்கு 1951 டிசம்பரிலேயே தேர்தல் நடந்தது. 1957-ல் தொழிற்கட்சியைச் சார்ந்த டி. எஸ். இராமநாதன் அந்நகரின் முதல் மேயரானார். கிள்ளானும் அந்த ஐம்பதுகளிலேயே மக்கள் தேர்ந்தெடுக்கும் நகர சபையைப் பெற்றது.

நிற்க, 1960-ஆம் ஆண்டிற்கு வருவோம். வரலாற்று நூல்களில் இது வெற்றியாண்டாகவே குறிக்கப்படும். பன்னிரண்டு ஆண்டு நீடித்த அவசரகாலம் அவ்வாண்டு ஜூலை 31-ல் முடிவுற்றது. மறுநாள், ஆகஸ்டு 1-ல், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. விசாரணையின்றி ஒருவரை இரண்டாண்டு அடைத்து வைக்கவும், அவ்விரண்டாண்டை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கவும் அச்சட்டம் அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. கம்யூனிஸ்டுகளின் பொருட்டே இச்சட்டம். நேர்மையான எதிர்க்கட்சியை அடக்க இது பயன்படாது என்று நாட்டிற்கு உறுதி கூறப்பட்டது. அவ்வுறுதி கூறியவர்களைப் பொய்யர் என்று நாம் கூறத் துணியோம். துங்கு அப்துல் ரஹ்மான் அதனை மனமார நம்பியே கூறியிருப்பார். ஆனால் வாக்களித்தவர் ஒருநாள் பதவியை விட்டுப் போய்விடுகிறார். சட்டம் அவரோடு போவதில்லை.

அவ்வாண்டே செய்யப்பட்ட மற்றொரு காரியம் இதனினும் பெரிது; ஆயினும் அதைப்பற்றிப் பேசுவோர் சிலரே. 1957-ல் இயற்றப்பட்ட அரசியலமைப்பின் 150-ஆம் விதிப்படி, அவசரகாலப் பிரகடனத்தின் ஆயுள் இரண்டு மாதமே. அதற்குள் பார்லிமெண்டின் இரு சபைகளும் "ஆம், இது வேண்டும்" என்று ஒப்பினாலன்றி அது தானே இறந்துபடும். 1960-ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வேற்பாட்டைத் தலைகீழாக்கிற்று. அதன்பின், மன்னர் மீட்டுக்கொண்டாலோ, இரு சபைகளும் "வேண்டாம்" என்று தீர்மானித்தாலோதான் பிரகடனம் சாகும். அதுவரை உயிரோடிருக்கும். இது வக்கீல்கள் பேசும் நுணுக்கமென்று சிலர் எண்ணக்கூடும். தோட்ட ஆபீசில் பேனா பிடிக்கும் நம்மனோர்க்கு இது நன்றாய் விளங்கும். "இம்மாதம் 30-ந் தேதி வரை" என்று சுவரில் ஒட்டிய உத்தரவு அடுத்த மாதம் முதல் தேதியில் கிழிக்கப்படும். "மறு உத்தரவு வரும் வரை" என்று ஒட்டியதோ, காகிதம் மஞ்சளித்து, எழுத்து மங்கி, கையெழுத்திட்ட மானேஜர் ஓய்வு பெற்றுப் போன பின்னரும் சுவரிலேயே இருக்கும். மறு உத்தரவு போடவேண்டியது யார் வேலை என்பது ஒருவருக்கும் நினைவிராது.

அதே 1960-ல் கூட்டரசுத் தலைநகரச் சட்டமும் நிறைவேறிற்று. அதன்படி 1961-ல் கோலாலம்பூரின் தேர்ந்தெடுத்த சபை போய், நியமிக்கப்பட்ட ஆணையர் ஒருவர் வந்து அமர்ந்தார். நாட்டின் மற்ற ஊர்களுக்கு முந்தியே தலைநகரம் தன் ஓட்டை இழந்தது. ஆர்ப்பாட்டமில்லை, அமளியில்லை, தலைநகரமாயிற்றே, அதற்குத் தனி நிர்வாகம் வேண்டாமா என்றனர். அதுவும் நியாயம் போலவே தோன்றிற்று.

மற்ற ஊர்களின் முறை 1965-ல் வந்தது. மலேசியா அமைந்ததை எதிர்த்து இந்தோனேசியத் தலைவர் சுகர்ணோ தொடுத்த மோதல் அப்பொழுது உச்சத்தில் இருந்தது. அதன் பொருட்டு 1964 செப்டம்பரில் அவசரகாலம் பிரகடனமாயிருந்தது. அவ்வதிகாரத்தைக் கொண்டு 1965 மார்ச்சு 1-ல் ஊராட்சித் தேர்தல்கள் யாவும் நிறுத்தி வைக்கப்பட்டன. ஒழிக்கப்பட்டன என்று ஒருவரும் கூறவில்லை. நிறுத்தி வைக்கப்பட்டன என்றே கூறினர். சமாதானம் ஏற்பட்ட மறுகணமே தேர்தல் நடக்குமெனப் பிரதமர் துங்கு பார்லிமெண்டில் வாக்களித்தார். 1966 ஆகஸ்டு 11-ல் இரு நாடுகளும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. மோதல் ஒழிந்தது, சுகர்ணோவின் ஆட்சியும் ஓய்ந்தது. நிறுத்தி வைத்த தேர்தல் மட்டும் திரும்பவில்லை. நாட்டில் ஊராட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 1963-ல்.

தேர்தல் நின்ற அவ்வாண்டே, ஊராட்சி மன்றங்களை ஆராய அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். ஜார்ஜ்டவுனின் முன்னாள் மேயர் இராமநாதனும் அதில் அங்கம் வகித்தார். ஊர் ஊராய்ச் சாட்சியம் கேட்டு, 1968 இறுதியில் முடித்த அறிக்கையில், குறைகள் பல இருப்பினும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களே வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அவ்வறிக்கை 1971-ல் தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அரசாங்கம் அப்பரிந்துரையை ஏற்கவில்லை. ஆளுங் கூட்டணியைச் சேர்ந்த தமிழர் ஒருவர், ஆளுங் கூட்டணிக்கு உவப்பில்லாத முடிவை எழுதிக் கையெழுத்திட்டார் என்பது நம் மக்களால் இன்னும் போதிய அளவு நினைக்கப்படாத செய்தி. அவர்தம் துணைவியார் ஜானகி, ஜான்சிராணிப் படையின் தலைவியருள் ஒருவராய் விளங்கியவர் என்பதை மட்டும் நாம் மேடைதோறும் முழங்குகிறோம்.

ஊர்ச் சபைகளில் ஊழல் மலிந்திருந்தது, சிலவற்றில் கணக்கே ஒழுங்காயில்லை, ஆகையால் நிறுத்தியது சரியே என்று வாதிப்போர் உண்டு. குற்றச்சாட்டுகள் எழுந்தது மெய்தான். ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாருண்டோ? பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன், முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பார்மின். குடவோலையிட்டு வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த அவ்வூர், கணக்குக் காட்டாத வாரியத்தானுக்கு என்ன செய்தது? அவனையும் அவன் உறவினரையும் குடவோலையில் பெயரிடத் தகாதவரென விலக்கிற்று. குடத்தை உடைத்தெறியவில்லை. (அக்குடத்தில் உழுபவன் பெயரும் பறையடிப்பவன் பெயரும் விழுந்ததில்லை, நிலமும் வேதமும் உடையார்க்கே அது திறந்திருந்தது. பழம்பெருமை பேசுவோர் அதையும் சேர்த்தே பேசுவார்களாக.)

பின்னர் வந்தது 1969. மே 10-ல் பொதுத் தேர்தல். மே 13-ல் கோலாலம்பூரில் இனக்கலவரம். அரசாங்கக் கணக்குப்படியே 196 பேர் மாண்டனர். மே 15-ல் புதியதோர் அவசரகாலம் பிரகடனமாயிற்று. பார்லிமெண்டு நிறுத்தப்பட்டு, துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை ஆண்டது. 1971 பிப்ரவரியில் பார்லிமெண்டு மீண்டும் கூடிற்று. ஆனால் குடியுரிமை, மொழி, மலாய்க்காரரின் தனிநிலை, அரசர்களின் நிலை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்கும் பேச்சு சபைக்குள்ளும் குற்றமாகும் என்னும் திருத்தத்துடன் கூடிற்று. ஊராட்சியைப் பொறுத்தமட்டில், 1973-ல் "ஊராட்சித் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம்" என்று ஒன்று வந்தது. பெயரைக் கவனியுங்கள். மூன்றாண்டிற்குப் பின் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஊராட்சித் தேர்தல் பற்றிய சட்டவிதிகள் யாவும் செல்லாதொழியும் என்று முடித்து வைத்தது. 1965-ல் போரின் பொருட்டு என்றனர். 1973-ல் தற்காலிகம் என்றனர். 1976-ல் காரணம் கூறவேண்டிய அவசியமே இல்லாமற்போயிற்று.

ஊராட்சித் தேர்தல் இருந்தால் இனப்பகை வளரும், மே 13 திரும்பும் என்று இன்றளவும் கூறுகின்றனர். தேதிகளைப் பார்க்க வேண்டும். தேர்தல் நின்றது 1965-ல். கலவரம் நேர்ந்தது 1969-ல். ஊராட்சித் தேர்தலே இல்லாத நான்காவது ஆண்டில், எட்டாண்டாக ஓட்டையே அறியாத கோலாலம்பூரில்தான் அக்கலவரம் நேர்ந்தது. இனங்களை ஒன்றுசேர்த்த கூட்டணியோ 1952-ல் அதே கோலாலம்பூரின் ஓட்டுப்பெட்டியிலிருந்து வெளிவந்தது. வாதம் செய்வோர் இதற்கு விடை கூறிய பின் மேலே பேசலாம்.

இத்தனையும் பட்டணத்தார் கதை. தோட்டத்து மக்களுக்கு இவ்விழப்பு தெரியவே இல்லை. இழப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இருந்ததில்லை. தோட்டம் கம்பெனியின் தனிச்சொத்து. ஆகையால் நகர சபையும், பின்வந்த கிராமப்புற வளர்ச்சித் திட்டங்களும் தோட்ட எல்லையோடு நின்றன. லயத்துத் தண்ணீர்க்குழாய் முதல் குழந்தைக் கொட்டகை வரை மானேஜர் வைத்ததே சட்டம். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டவை கூலி உயர்வு மட்டுமல்ல. கள்ளுக்கடையை மூடவேண்டும், உறவினர் தோட்டத்திற்குள் வந்துபோக வேண்டும், துரைக்கும் கிராணிக்கும் முன் சைக்கிளை விட்டு இறங்கவேண்டுமென்னும் கட்டாயம் ஒழியவேண்டும் என்றனர். கிராணி உத்தியோகம் பார்க்கும் நமக்கு இவ்வரியை எழுதுதல் இனிப்பானதன்று. எனினும் எழுதத்தான் வேண்டும். மே மாதத்தில் அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் பிரகடனமாயிற்று, பட்டாளம் வந்தது, தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓட்டில்லாத இடத்தில் நிர்வாகம் எப்படி நடக்குமென்பதைத் தோட்டத்தார் முன்னரே கற்றிருந்தனர். 1965-ல் பட்டணமும் இவ்வகையில் தோட்டமாயிற்று என்று கூறுவது பிழையாகாது.

இனி, 1969-ஆம் ஆண்டுப் பிரகடனம் என்னாயிற்று? கலவரம் சில வாரங்களில் அடங்கிற்று. பார்லிமெண்டு இரண்டாண்டிற்குள் கூடிற்று. பிரகடனமோ 2011 வரை, நாற்பத்திரண்டு ஆண்டு உயிரோடிருந்தது. அதன் பெயரால் பிறப்பித்த 1975-ஆம் ஆண்டு விதிகள் செல்லாவென்று லண்டன் பிரிவி கவுன்சில் ஒருமுறை தீர்ப்பளித்தது. உடனே 1979-ல் முன்தேதியிட்ட சட்டமொன்றால் அவ்விதிகளுக்கு உயிரூட்டினர். 1981-ல் அரசியலமைப்பையே திருத்தி, பிரகடனத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கக்கூடாது என்றாக்கினர். 1987 அக்டோபரில் ஒரே வீச்சில் நூற்றுக்கு மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டனர். 1959-ல் பங்சார் தொகுதியின் உறுப்பினராயிருந்த தொழிற்சங்கவாதி வி. டேவிட் அவர்களுள் ஒருவர். இதை எழுதும் நாமும், இதைப் படிப்போரில் முப்பது வயதைக் கடந்த அனைவரும், அவசரகாலத்தில் பிறந்து அவசரகாலத்தில் பள்ளி சென்றவர்களே. தினமும் ரயிலேறினோம், பரீட்சை எழுதினோம், தீபாவளி கொண்டாடினோம். ஒரு நாளும் அது நமக்குத் தெரிந்ததில்லை. எதேச்சாதிகாரம் என்றால் தெருமுனையில் துப்பாக்கியோடு சிப்பாய் நிற்பான் என்று எண்ணியிருந்த நமக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தது 2007-ல். அவ்வாண்டு அக்டோபர் 30-ல், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் ஒன்றை மாநகராண்மை இடித்துத் தள்ளிற்று. இடிக்க ஆணையிட்ட மன்றத்தை அக்குடியிருப்பார் எவரும் தேர்ந்தெடுத்ததில்லை. அடுத்த தேர்தலில் அதைத் தண்டிக்கவும் வழியில்லை. கவுன்சிலரைத் தேர்தலில் தோற்கடிக்கக்கூடிய மக்கள் தெருவிற்கு வரவேண்டிய தேவை குறைவு. இவர்களுக்கோ தெருவன்றி வேறிடமில்லை. நவம்பர் 25-ல் பல்லாயிரம் தமிழர் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டனர். டிசம்பர் 13-ல் ஹிண்ட்ராப் தலைவர் ஐவர், கம்யூனிஸ்டுகளுக்காக இயற்றப்பட்ட அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், விசாரணையின்றிக் கமுந்திங் முகாமில் அடைக்கப்பட்டனர். அவ்வைவருள் ஒருவரான மனோகரனை, 2008 மார்ச்சுத் தேர்தலில், கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா தொகுதி வாக்காளர் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுத்தனர். அவர் அப்பொழுதும் முகாமிலேயே இருந்தார். 2011 ஜூலையில் சுங்கை சிப்புட் பார்லிமெண்டு உறுப்பினர் டாக்டர் மைக்கேல் ஜெயகுமார் அடைக்கப்பட்டபோது பயன்பட்டது, 1969-ல் கலவரத்தின் பொருட்டுப் பிறப்பித்த அவசரச் சட்டம். அவ்வாண்டின் இறுதியில் பழைய பிரகடனங்கள் நீக்கப்பட்டன. 2012-ல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் போயிற்று. ஆனால் அடுத்த ஆண்டே குற்றத்தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, விசாரணையற்ற இரண்டாண்டுக் காவலை வேறு கதவு வழியாக உள்ளே விட்டனர்.

ஜெர்மனிக்கு வருவோம் என்றோமல்லவா? 1933 பிப்ரவரி 28-ல், பார்லிமெண்டுக் கட்டிடம் எரிந்த மறுநாள், மக்களுரிமைகளை "மறு உத்தரவு வரும் வரை" நிறுத்தும் ஆணை பிறந்தது. ஹிட்லர் அழியும் வரை மறு உத்தரவு வரவில்லை. மார்ச்சில் நிறைவேறிய அதிகாரச் சட்டத்திற்கு நான்காண்டு வரம்பு இருந்தது. 1937-லும் 1939-லும் அதை நீட்டிக்கொண்டனர். மலேசியாவை ஜெர்மனிக்கு ஒப்பிடுவோர் அறிவிலிகள். நாம் ஒப்பிடுவது அக்கருவியின் அமைப்பையே. இலங்கையில் 1982 டிசம்பரில் வேறொரு கருவி: தேர்தல் நடத்தாமலே பார்லிமெண்டின் ஆயுளை ஆறாண்டு நீட்டலாமா என்று மக்களிடமே ஓட்டுக் கேட்டனர். விளக்குச் சின்னம் வேண்டும் என்பதற்கு, குடச் சின்னம் வேண்டாம் என்பதற்கு. யாழ்ப்பாணத்தார் குடத்திற்கே அளித்தனர். நாட்டில் விளக்கு வென்றது. அடுத்த ஜூலையில் அந்நாட்டுத் தமிழர்க்கு நேர்ந்ததை யாவரும் அறிவர்.

இந்தியாவின் கதை வேறு. 1975 ஜூன் 25-ல் இந்திரா காந்தி அம்மையார் அவசரகாலத்தைக் கொணர்ந்தார்; 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டுத் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. 1977 மார்ச்சில் அம்மையார் தோற்றார். வென்றவர் மறவாமல் செய்த காரியம் ஒன்றுண்டு. 1978-ல் 44-ஆம் திருத்தத்தின்படி, ஆறு மாதத்திற்கு ஒருமுறை பார்லிமெண்டு மூன்றில் இரு பங்கு ஓட்டால் புதுப்பித்தாலன்றி அவசரகாலம் தானே முடியும் என்றாக்கினர். மலேசியா 1960-ல் அழித்த தேதியை இந்தியா 1978-ல் எழுதிவைத்தது. இதுவே நாம் வற்புறுத்த விரும்புவது. மலேசியப் பார்லிமெண்டின் ஆயுள் ஐந்தாண்டு என்று அரசியலமைப்பில் தேதி உண்டு. ஆதலால் இத்தனை சட்டங்களின் நடுவிலும் பொதுத் தேர்தல் தவறாது வந்து, 2018 மே 9-ல் அறுபத்தோராண்டு ஆட்சியையும் மாற்றிற்று. கோவிட் நோயின் பொருட்டு 2021 ஜனவரி 12-ல் பிரகடனமான அவசரகாலம் பார்லிமெண்டையும் தேர்தல்களையும் நிறுத்திற்று. ஆனால் அப்பிரகடனத்தில் ஆகஸ்டு 1 என்று தேதி இருந்தது. அத்தேதியில் அது முடிந்தது. பதினைந்து நாளில் பிரதமரும் விலகினார். ஊராட்சித் தேர்தலை நிறுத்திய காகிதத்தில் தேதி இல்லை.

அதை மீட்கச் சிலர் முயலாமல் இல்லை. பினாங்கு மாநிலம் 2012-ல் தனக்கென்று ஊராட்சித் தேர்தல் சட்டம் இயற்றிற்று. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு உயிரோடிருக்கையில் மாநிலச் சட்டம் செல்லாது என்று 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-ல் ஆட்சி மாறியபின், வீடமைப்பு ஊராட்சி அமைச்சர் தேர்தலைத் திருப்புவோமென்றார். டிசம்பரில் பிரதமர் மகாதீர், இனப்பூசல் வருமென்று கூறி மறுத்துவிட்டார். 1965-ல் அமைச்சரவையின் விதியொன்று நிறுத்தி வைத்ததைத் திரும்பப் பெறுவதற்கு, அதன்பின் பார்லிமெண்டே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.